ஆளில்லாமல் ஓடிய டிராக்டர்

குணரத்தினத்தின் வலது கால் முறிந்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம். இல்-பிசார் புறநகரில் தம்பி றஜிந்தனின் வீட்டுப் பின்வளவில் சின்ன டிராக்டரில் உட்கார்ந்து புல் வெட்டிக்கொண்டிருந்தவர், முன்னால் கிடந்த தண்ணீர்க் குழாயைக் கண்டு வண்டியை நிறுத்தினார். திறப்பை, வண்டிச் சாவியை, திருகி அணைத்துவிட்டு இறங்கிப்போய், குழாயை இழுக்கக் குனிந்தார். ஆளில்லாத டிராக்டர் தானாக நகர்ந்து வந்து, அவருடைய காலை மேப்பிள் மரத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றது.

மின்சாரத்தில் ஓடும் வண்டி. பெரிய சத்தம் ஏதுமில்லை. குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற றஜிந்தனுக்குத் தமையனின் கத்தல் மட்டுந்தான் கேட்டது. ஓடிப்போய், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கோலை நடுவுக்குத் தள்ளி, வண்டியைப் பின்னால் இழுத்து அவரை எடுத்தான்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் எல்லாரும் காத்திருந்தபோது, குணரத்தினத்தின் மனைவி சிவாஜினி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"திறப்பை நிப்பாட்டிப்போட்டுத்தான் இறங்கினவராம். நிப்பாட்டின வண்டி எப்பிடித் தம்பி ஓடும்?"

கேள்வியை அவள் றஜிந்தனின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அவனுடைய மனைவி பிரஷாந்தினிக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை. எந்தக் கேள்விக்கும் ஏதாவது ஒரு பதில் வைத்திருக்கிற மனிசன் அவன்.

கேள்விக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது நான்கு பேருக்கும் தெரியும். குணரத்தினம் சமையல் வேலை செய்த டவுன்டவுன் உணவகம் மூடப்பட்டதிலிருந்து அவரும் சிவாஜினியும் இந்த வீட்டின் நிலக்கீழ் அறைகளில் இருந்தார்கள். கொஞ்சக் காலம் என்று வந்தது இரண்டாவது வருசமாகிவிட்டது. பிரஷாந்தினியின் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருந்தார்கள். அந்த அறைகள் தேவைப்படும், கோடை முடிவதற்குள் வேறு இடம் பார்த்தால் நல்லது என்று றஜிந்தன் சொன்னது போன கிழமைதான். யாரும் சண்டை பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு சிவாஜினி தேத்தண்ணிக்கு மேலே வருவதை நிறுத்திக்கொண்டாள். குணரத்தினமோ வளராத புல்லையெல்லாம் வெட்டத் தொடங்கினார்.

இப்போது அவருக்குக் கால் முறிந்திருக்கிறது. காலில் கட்டோடு வரும் மனிதரை யார் வெளியே போகச் சொல்வது?

வீட்டுக்குத் திரும்பும்போது காரில்தான் றஜிந்தன் சிவாஜினியின் கேள்விக்குப் பதில் சொன்னான்.

"அண்ணை திறப்பை நிப்பாட்டியிருக்கமாட்டார், பிரஷா. மறந்துபோய் இறங்கியிருப்பார். இப்ப கேட்டால் நிப்பாட்டினனான் எண்டுதான் சொல்லுவார்."

"நீங்கள் ஓடிப்போய்ப் பாக்கேக்க திறப்பு எப்பிடி இருந்தது?"

"நான் அதையோ பாத்தன்? ஆளைத்தானே பாத்தன்."

பிரஷாந்தினி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலத்துக்குக் கீழே ஆறு இருண்டு கிடந்தது. திறப்பு அணைத்தபடிதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் அவளே போய்ப் பார்த்திருந்தாள். அதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தன்னையும் கேட்டுக்கொள்ளவில்லை.

டோர்வல் விமான நிலையத்தில், பயணப்பொதி வண்டிகளை இழுக்கும் மின்சார இழுவைகளைத் திருத்துவது அவளுடைய வேலை. அதனால் அந்த டிராக்டர் அவளுடைய பொறுப்பாகவே இருந்தது. எழுபதுகளில் செய்யப்பட்ட வண்டி. இந்த வீட்டை அவர்களுக்கு விற்றுவிட்டுப் போன கிழவர் அதைக் கொட்டிலுக்குள்ளேயே விட்டுப்போயிருந்தார். பிரஷாந்தினிதான் துருவைச் சுரண்டி, புதுப் பற்றறிகள் போட்டு, மூன்று கோடைக்கு முன் அதற்கு உயிர் கொடுத்தாள்.

அந்த வண்டிக்குள் மின்சாரம் மோட்டாருக்குப் போகும் வழியில் இரண்டு றிலேக்கள் இருந்தன. றிலே என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு கதவு. முதல் கதவு திறப்புக்குக் கட்டுப்பட்டது. திறப்பை அணைத்தால் அது விலகி மின்சாரத்தை நிறுத்திவிடும். இரண்டாவது இருக்கைக்குக் கட்டுப்பட்டது. ஆள் எழுந்தால், இருக்கைக்குக் கீழே உள்ள வில் மேலே தள்ள, அதுவும் விலகிவிடும். இரண்டில் ஒன்று விலகினாலே வண்டி ஓடாது. இவை போக, பிரேக்கை மிதித்திருக்கும்வரை மோட்டாருக்கு மின்சாரம் போகாது. குணரத்தினம் வேகக் கோலை முன்னுக்கு விட்டபடியே, பிரேக்கை மிதித்துக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். கொக்கி தேய்ந்திருந்தது, வழுவியிருக்கலாம். வழுவினாலும் ஒன்றும் நடந்திருக்கக் கூடாது. திறப்பு அணைந்திருந்தது, இருக்கையில் ஆள் இல்லை.

ஆனால் வண்டி ஓடியது. அப்படியென்றால் இரண்டு றிலேயும் ஒரே நேரத்தில் பழுது.

வேலைத்தளத்தில் யாராவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். ஒன்று தானாகப் பழுதாகும். இரண்டு சேர்ந்து பழுதானால் அதில் ஒரு கை பட்டிருக்கும்.

மறுநாள் காலையில் றஜிந்தன் சிவாஜினியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்திருந்து, பிரஷாந்தினி கொட்டிலுக்குப் போனாள். டிராக்டரின் பின்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி மரக்கட்டைகளில் நிறுத்தினாள். இனி சில்லுகள் சுழன்றாலும் வண்டி நகராது. கருவிப் பையிலிருந்து மின்சாரம் அளக்கும் மீற்றரை எடுத்தாள்.

திறப்பு அணைந்த நிலையிலேயே முதல் றிலேயில் வயர் மாட்டும் இரண்டு தலைகளிலும் மீற்றரின் ஊசிகளை வைத்தாள். றிலே விலகி மின்சாரத்தை நிறுத்தியிருந்தால் பற்றறியின் முழு வோல்டேஜையும் மீற்றர் காட்டவேண்டும். பூச்சியம் காட்டியது. உள்ளே செப்புத் தட்டுகள் ஒட்டிப்போயிருக்கின்றன. பழைய றிலேயில் நடக்கிற காரியந்தான். மின்சாரம் பாயப் பாயப் பொறி பறந்து, தட்டு உருகி, ஒருநாள் விடாமல் பிடித்துக்கொள்ளும். திருப்புளியின் கைப்பிடியால் இலேசாகத் தட்டினாலே விட்டுவிடும். அவள் தட்டவில்லை. தட்டினால் பிறகு அது ஒட்டியிருந்தது என்று யாருக்கும் காட்ட முடியாது. போனில் படம் எடுத்து வைத்தாள்.

இரண்டாவது றிலேயிலும் பூச்சியம்.

அதன் மூடியைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். தட்டுகள் ஒட்டியிருக்கவில்லை. நடுவில் காற்றுத் தெரிந்தது. கண்ணுக்கு இடைவெளி இருக்கிறது, மீற்றரோ இல்லை என்கிறது. அவள் றிலே பொருத்தியிருந்த பலகையின் இரண்டு திருகாணிகளையும் கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

றிலேயின் ஒரு தலையிலிருந்து மற்றத் தலைக்கு ஒரு தடித்த வயர் போட்டிருந்தது. தூசியில்லாத புது வயர். கறுப்பு டேப்பால் நேர்த்தியாகச் சுற்றி, மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டி மறைத்திருந்தது. கதவு மூடியிருந்தாலும் சுவரில் ஓட்டை போட்டு வழி விட்டதுபோல. இது இருக்கும்வரை இருக்கையில் ஆள் இருந்தாலென்ன, எழும்பினாலென்ன, வண்டிக்கு ஒன்றுதான்.

அவள் போடவில்லை.

டேப்பை உரித்தாள். வயரின் நுனிகளில் செப்பு வளையங்கள் நசுக்கிப் பொருத்தியிருந்தன. நசுக்கிய இடம் ஆறு மூலையாக, அச்சில் வார்த்தது போல இருந்தது. சாதாரணக் குறடு அப்படி நசுக்காது. அப்படி நசுக்கும் குறடு இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அவளுடைய பையில். பையைத் திறந்து பார்த்தாள். குறடு இருந்தது. ஆனால் அவள் எப்போதும் வைக்கும் பக்கப் பையில் இல்லை. அடியில், மீற்றர் வயர்களுக்குக் கீழே கிடந்தது.

அந்தப் பை எங்களுடைய படுக்கையறை அலுமாரிக்குள் இருக்கிறது, என்று அவள் நினைத்தாள். அந்த அறைக்குள் வருகிறவர்கள் இரண்டு பேர்.

அன்று பின்னேரம் றஜிந்தன் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"என்ர கருவிப் பையை எடுத்தனீங்களோ, கிட்டடியில?"

"இல்லை. ஏன்?"

அவன் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான். கத்தி ஒரு கணம் நின்று பிறகு வெட்டத் தொடங்கியது.

"சும்மாதான். குறடு இடம் மாறிக் கிடந்தது."

"நீரே மாறி வைச்சிருப்பீர்." பிறகு, "டிராக்டரைத் திறந்து பாத்தனீரோ? என்ன பழுது?"

"ஒரு றிலே ஒட்டிப்போச்சு."

"அப்ப அதுதான். பழைய வண்டி. நான் அண்ணிக்குச் சொல்லுறன்."

"இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. இன்னும் பாத்து முடியேல்லை."

அவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். கலியாணம் முடித்த இத்தனை வருசத்தில் அவன் தன்னிடம் பொய் சொன்னான் என்று அவள் உறுதியாக அறிந்த முதல் தருணம் அது. எதைப் பற்றிய பொய் என்பதுதான் தெரியவில்லை. தமையனைப் போகச் சொல்லிவிட்டு, அது நடக்காது என்று பயந்து, இப்படிக்கூட ஒரு மனிதன் செய்வானா? காலை முறிக்க நினைத்திருக்கமாட்டான். வண்டியில் இருந்து விழுத்திப் பயப்படுத்த நினைத்திருக்கலாம். தமையனுக்கு இந்த வீட்டில் ஒன்றும் சரிவராது என்று காட்ட நினைத்திருக்கலாம். நினைக்க நினைக்க அவன் செய்திருக்கக் கூடிய காரணங்கள் பெருகின. அவன் செய்திருக்கமாட்டான் என்பதற்கு ஒரே ஒரு காரணந்தான் இருந்தது. அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்பது. அது மீற்றரில் அளக்கக் கூடிய ஒன்றல்ல.

அந்தக் கிழமை வீடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. குணரத்தினம் பிளாஸ்டர் கட்டோடு வந்து கீழே படுத்துவிட்டார். பிரஷாந்தினி சாப்பாடு கொண்டுபோனால் சிவாஜினி வாங்கி வைத்துவிட்டு, முதலில் தான் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். அதை மறைக்கவும் இல்லை. றஜிந்தன் கீழே இறங்கும்போதெல்லாம் அவள் கணவனின் கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வேலைத்தளத்துக்கு வித்தியா தொலைபேசினாள். பிரஷாந்தினியோடு முன்பு வேலை செய்தவள், இப்போது கோயில் சமையலில் நிற்பவள்.

"உங்கட வீட்டில என்னடி நடந்தது? றஜிந்தன் அண்ணை ஏதோ வயரைப் பிடுங்கி விட்டவராம் எண்டு கோயில்ல கதைக்கினம்."

"ஆர் சொன்னது?"

"சிவாஜினி அக்கா அழுதுகொண்டு சொன்னவ. எனக்கு நம்பிக்கையில்லை. அதுதான் உன்னட்டைக் கேக்கிறன்."

பிரஷாந்தினி உடனே இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். "பேந்து கதைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அந்தப் பதில் எப்படிக் கேட்டிருக்கும் என்று விளங்கியது.

புது றிலே எடுக்க அவள் லஷீனில் உள்ள ஒரு உதிரிப்பாகக் கடைக்குப் போனாள். அந்தப் பழைய வகை இப்போது கிடையாது. அதே வோல்டேஜில் வேலை செய்யும், கோல்ஃப் வண்டிகளுக்குப் போடும் றிலே பொருந்தும் என்று அவளுக்குத் தெரியும். தொடர்ந்து பல மணி நேரம் சூடேறாமல் நிற்கக் கூடிய வகையாகப் பார்த்து இரண்டு வாங்கினாள். கொட்டிலுக்குள் பற்றறி வயரைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். பழைய றிலேக்களை இறக்கினாள். புதியவற்றின் காலுக்குப் பலகையில் துளை பொருந்தவில்லை. புதுத் துளை போட்டாள். ஒவ்வொரு வயரையும் கழற்றும்போது அதிலே நிறக் கடதாசி ஒட்டி, அதே இடத்தில் மாட்டினாள். மறைத்துப் போட்டிருந்த வயரை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்தாள்.

பழைய முதல் றிலேயை மேசையில் வைத்துப் பிளந்து பார்த்தபோது அவளுக்கு ஒன்று பிடிபட்டது. தட்டுகள் அண்மையில்தான் உருகியிருந்தன. முன்பெல்லாம் ஓடும் வண்டியைத் திறப்பால் நிறுத்தும்போது இருக்கை றிலேயும் சேர்ந்து விலகும், பொறியில் பாதியை அது தாங்கிக்கொள்ளும். அந்த வயர் வந்த பிறகு ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தின் முழுப் பாரத்தையும் இந்த முதல் றிலே தனியே தாங்கியிருக்கிறது. அதனால்தான் உருகி ஒட்டியது. ஆகவே இரண்டு பழுதும் தனித்தனியாக வந்தவையல்ல. ஒன்று மற்றதைப் பெற்றிருக்கிறது. வயரைப் போட்ட கை, வண்டி தானாக ஓடவேண்டும் என்று நினைத்துப் போட்டிருக்க முடியாது. போட்ட அன்று திறப்பு ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கும்.

அப்படியென்றால் ஏன் போட்டது?

வண்டியைக் கட்டைகளில் வைத்து இரண்டு றிலேயையும் சோதித்தாள். பிறகு இறக்கி, வளவுக்குள் ஓட்டிப் பார்த்தாள். செடர் வேலியோரம், மேப்பிள் மரத்தின் வேர்கள் நிலத்துக்கு மேலே புடைத்திருந்த இடத்தில் வண்டி குலுங்கியது. டக் என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. திறப்பைத் திருப்பி மறுபடி தொடக்கினாள். அடுத்த வேரில் மறுபடி டக். குலுக்கத்தில் அவள் இருக்கையிலிருந்து ஒரு விரலளவு எழும்ப, வில் மேலே வந்து, றிலே விலகுகிறது. இந்தக் கோடை முழுக்க வேலை மும்முரத்தில் அவள் இந்த வண்டியில் ஏறவே இல்லை. போன மாரியில் கொட்டிலின் குளிரில் வில் இறுகிப்போயிருக்க வேண்டும்.

குசினி ஜன்னலைத் தட்டி றஜிந்தனைக் கூப்பிட்டாள்.

"ஒருக்கால் இதில ஏறி ஒரு சுத்து ஓட்டுங்கோ."

"ஏன்?"

"ஓட்டுங்கோவன்."

அவன் ஏறினான். கலியாண நாளில் இருந்ததைவிட அவன் இரண்டு மடங்காகியிருந்தான். வேர்களுக்கு மேலே வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"இந்த வருசம் நீங்கள் வெட்டேக்க எப்பவாவது இது இடையில நிண்டதோ?"

"எனக்கு நிக்கேல்லை. அண்ணைக்குத்தான் நிக்குது நிக்குது எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர். பேந்து அதுவும் சொல்லேல்லை."

குணரத்தினம் ஒல்லியான மனிதர். காற்றடித்தால் ஆடுவார் என்று சிவாஜினியே சொல்லுவாள்.

பிரஷாந்தினி டிராக்டரின் மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ர பையை நீங்கள் அவருக்குக் குடுத்தனீங்களோ?"

அவன் இறங்கினான். கையைத் துடைக்க ஒன்றும் இல்லாமலே துடைத்தான்.

"கீழ லைட் ஒண்டு எரியேல்லை, திருத்தவேணும் எண்டு கேட்டவர். குடுத்தன். நீர் உம்மட சாமானை ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு சொல்லுவீர், அதுதான் சொல்லேல்லை. அடுத்த நாளே திருப்பித் தந்திட்டார்." பிறகு அவன் முகம் மாறியது. "அதில என்ன?"

அவள் பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டி, எங்கே இருந்தது என்று சொன்னாள். அவன் வயரைப் பார்த்தான்.

"இது எப்ப கண்டனீர்?"

"அடுத்த நாள்."

"அண்டைக்குத்தானே என்னட்டைப் பையைப் பற்றிக் கேட்டனீர்." அவன் குரலை உயர்த்தவில்லை. "நீர் என்னைத்தான் நினைச்சனீர்."

இல்லை என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

"நான் ஒருநாளும் உம்மட பையைத் திறந்ததில்லை எண்டு உமக்குத் தெரியும்," என்றான். "அண்ணி நினைக்கிறதை நான் விளங்கிக்கொள்ளுவன். அவ பயந்துபோனா."

"நீங்கள் பொய் சொன்னீங்கள்."

"ஓம். ஒரு குறட்டைப் பற்றி."

அவன் உள்ளே போய்விட்டான். அவள் அவனுக்குப் பின்னால் போகவில்லை. நேராகக் கீழே இறங்கினாள்.

குணரத்தினம் இரண்டு தலையணைகளில் காலை உயர்த்தி வைத்து, போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். சிவாஜினி சின்ன அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். பிரஷாந்தினி கட்டிலின் ஓரத்தில் இருந்து, வயரை அவருடைய போர்வையில் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. போனை அணைத்தார்.

"அத்தான், இது நீங்கள் போட்டதுதானே?"

"என்ன பிள்ளை இது?"

"சீற்றுக்குக் கீழ உள்ள றிலேக்குப் பின்னால இருந்தது."

"எனக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும்? நான் சமையல்காரன்."

"வேருக்கு மேல போகேக்க வண்டி நிண்டு நிண்டு போனது. நானும் இப்ப ஓட்டிப் பாத்திட்டு வாறன். பெரிய கரைச்சல்தான். நானெண்டாலும் எரிச்சல்பட்டிருப்பன். உங்கட தம்பி ஓட்டினால் நிக்காது. அவருக்கு இந்த வயர் தேவையில்லை."

குணரத்தினம் மனைவி நின்ற பக்கம் பார்த்தார். அவள் முதுகு காட்டி நின்றாள். ஆனால் கேத்தில் கொதித்து ஓய்ந்த பிறகும் அவள் அதை எடுக்கவில்லை.

"போனில ஒரு வீடியோவில காட்டினவங்கள்," என்றார் குணரத்தினம் கடைசியில். "இப்பிடி ஒரு வயர் போட்டால் நிக்காது எண்டு. ரெஸ்ரோரன்டில ஃபிரிட்ஜ் கதவுக்கு நான் இப்பிடித்தான் செய்து வைச்சனான், ஒண்டும் நடக்கேல்லை. தம்பிக்குப் புல்லு வெட்டிக் குடுக்கிறன் எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டு, ஒவ்வொரு வேருக்கும் நிண்டுகொண்டிருக்க வெக்கமாய் இருந்தது. அவ்வளவுதான். திறப்பை நான் நிப்பாட்டினது உண்மை, பிள்ளை. அதை ஒருத்தரும் நம்பேல்லை."

"நான் நம்புறன். அந்த றிலே ஒட்டிப்போய்க் கிடந்தது. ஆனால் நீங்கள் ஆஸ்பத்திரியிலயே இதைச் சொல்லியிருக்கலாமே."

"மருந்து மயக்கம் தெளிஞ்சு வரேக்கயே இவள் தம்பியைப் பற்றிச் சொல்லி அழுகிறாள். அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?" அவர் தன் பிளாஸ்டர் கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பேந்து யோசிச்சன். தம்பி பயந்துபோய் இருக்கிறான். இப்ப ஒருத்தரும் எங்களைப் போகச் சொல்லேல்லை. கொஞ்ச நாள் இப்பிடியே இருக்கட்டும் எண்டு விட்டன்."

சிவாஜினி திரும்பினாள். அவளுடைய முகத்தில் கோபத்தைத்தான் பிரஷாந்தினி எதிர்பார்த்தாள். இருந்தது வேறு ஏதோ, வழி தவறி வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டவரின் முகம்.

"நான் கோயில்ல சொன்னனான்," என்றாள். "அம்மன் வாசல்ல நிண்டு சொன்னனான், எங்கட ஆளைக் கொல்லப் பாத்தவர் எண்டு."

"சிவா…"

"கதைக்காதேங்கோ."

அவள் வந்து கதிரையில் இருந்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள். முதலில் யாரை அழைப்பது என்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு அழைத்து, சத்தமாக, ஒரே மூச்சில் சொன்னாள்: "நான் சொன்னது பிழை. வயரைப் போட்டது எங்கட மனிசன்தான். றஜிந்தன் தம்பிக்கு ஒண்டும் தெரியாது. கேக்கிற ஆக்களுக்கும் சொல்லும்." மற்றப் பக்கத்தில் கேள்விகள் எழும்ப, "வேற ஒண்டும் இல்லை" என்று வைத்தாள். அடுத்த ஆளை அழைத்தாள். அதே வார்த்தைகள். குணரத்தினம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிரஷாந்தினி எழும்பி மேலே வந்தபோதும் அந்தக் குரல் மாடிப்படிவரை வந்துகொண்டிருந்தது.

றஜிந்தன் தமையனோடு சண்டை பிடிக்கவில்லை. அன்று பின்னேரம் கீழே போய் வெகுநேரம் இருந்தான். என்ன கதைத்தார்கள் என்று பிரஷாந்தினி கேட்கவில்லை. கட்டு அவிழ்த்ததும் சிவாஜினி தானே நகருக்குள், கோட்-டி-நேஜில், ஒரு வீடு பார்த்தாள். பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியவன் றஜிந்தன்தான். போகும்போது சிவாஜினி பிரஷாந்தினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டை ருசி பார்த்துச் சாப்பிட்டதை இருவரும் நினைத்தார்கள் போலும்.

அவர்கள் போன பிறகும் வீட்டுக்குள் ஏதோ ஒன்று விலகாமல் நின்றது. றஜிந்தன் வழமைபோல வேலைக்குப் போனான், சமைத்தான், மாமனாரையும் மாமியாரையும் விமான நிலையத்தில் போய் ஏற்றி வந்தான். ஆனால் படுக்கையறை அலுமாரியைத் திறக்க வேண்டி வந்தால், "பிரஷா, என்ர ஜக்கெட்டை எடுத்துத் தாரும்" என்று அவளைக் கூப்பிட்டான். கருவிப் பை அந்த அலுமாரியின் அடித்தட்டில் இருந்தது.

இலையுதிர்காலத்தின் கடைசிப் புல்வெட்டுக்குப் பிரஷாந்தினி டிராக்டரைத் தயார் செய்தாள். இருக்கைக்குக் கீழே மெல்லிய ஆள்கள் இருந்தாலும் குலுக்கத்தில் மேலே தள்ளாத புது வில் ஒன்றைப் பொருத்தியிருந்தாள். பிரேக்கின் கொக்கிக்குப் புதுப் பல் ஒட்டுவித்தாள். ஒரு சோதனைதான் மிச்சம் இருந்தது. தரையில் வண்டி நிற்கும்போது, வேகக் கோல் முன்னுக்கு இருக்க, ஆள் எழுந்து, கொக்கியைத் தட்டிவிடவேண்டும். வண்டி அசையக் கூடாது.

அவள் இருக்கையில் ஏறி இருந்தாள். றஜிந்தன் குசினிப் பக்கத்திலிருந்து வந்து, பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நடந்துவந்து வண்டிக்கு நேர் முன்னால், மேப்பிள் மரத்துக்கு முதுகு காட்டி நின்றான்.

"என்ன செய்யிறீங்கள்?"

"சோதிக்கப் போறீர்தானே. சோதியும்."

"விலகுங்கோ."

"நீர் மாத்தின றிலேதானே. எனக்கு நம்பிக்கை இருக்கு."

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. இரண்டு புது றிலே, புது வில், புதுக் கொக்கி, எல்லாம் தன் கையால் போட்டவை, கட்டைகளில் வைத்துப் பல தடவை பார்த்தவை. எழுந்து கொக்கியைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. நடக்காது என்று அவளுக்குத் தெரியும். அவள் குனிந்து, இருக்கைக்குக் கீழே கையை விட்டு, பற்றறி வயரைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நான் உங்களைச் சந்தேகிச்சது பிழை," என்றாள். "அதை எத்தினை தரமும் சொல்லுவன். ஆனால் இது இரும்பு. இதை நான் சந்தேகிச்சுத்தான் தீருவன், நீங்கள் முன்னால நிக்கேக்க இன்னும் கூட. நீங்கள் விலகும்வரைக்கும் இதைக் கொழுவமாட்டன்."

அவன் நின்றான். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ இலை ஊதும் இயந்திரத்தை இயக்கினார்கள். அவள் மடியில் வயரை வைத்தபடி இருந்தாள். நின்று நின்று, அவன் மூக்கை உறிஞ்சி, தலையை ஆட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்து அவள் அருகில் நின்றான்.

அவள் வயரைக் கொழுவினாள். திறப்பைப் போட்டாள். கோலை முன்னுக்குத் தள்ளி, பிரேக்கைக் கொக்கியில் மாட்டி, எழுந்து இறங்கினாள். ஒரு டக். நீண்ட தடியால் அவள் கொக்கியைத் தட்டிவிட, பிரேக் மேலே வந்தது. வண்டி அசையவில்லை.

"இன்னொருக்கால்," என்றான் றஜிந்தன்.

அவள் மறுபடி செய்தாள். இந்தத் தடவை கொக்கியைத் தட்ட, தடியை அவன் வாங்கிக்கொண்டான்.